'ரயில்' என்றே எழுதிய வக்கீல் தாத்தா!

நம்ம முத்துநகர் என்றதும் உப்பளம், மக்ரூன், துறைமுகம், வ.உ.சி. என்று வரிசையாக ஞாபகம் வரும். குழந்தைகளுக்கு அறிவியல் எழுதிய ஒருவரை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதே இல்லை. அவர் பெ.நா.அப்புஸ்வாமி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'பெ', ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் பெருங்குளம். நவதிருப்பதி சுற்றுகிறவர்கள் மாயக்கூத்தரைக் கும்பிட இறங்குவார்களே, அதே ஊர்தான்! ('பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவும் இந்த ஊர்க்காரர், இவருக்குச் சொந்தம்.)

1891-ல் பிறந்தவர், 1986-ல் மறைந்தார். ஹாலி வால்நட்சத்திரம் 76 வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். 1910, 1986 என்று அதன் இரண்டு வருகையும் இவர் வாழ்நாளுக்குள் அடங்கிவிட்டது. இவர் பிறந்தபோது எக்ஸ்-ரேயே கண்டுபிடிக்கப்படவில்லை. மறைவதற்குள் ராகேஷ் ஷர்மா விண்வெளிக்கே போய் வந்துவிட்டார்.

தொழில் வக்கீல். ஆனால், 1917 வாக்கிலேயே தமிழில் அறிவியல் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அறிவியல் படிக்க வேண்டுமென்றால் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, தலைக்குமேல் எரிகிற பல்பு ஏன் எரிகிறது என்று சொல்ல ஆளில்லை.

இவருடைய சில புத்தகத் தலைப்புகளைப் பாருங்கள்: 'ரயிலின் கதை', 'அணுவின் கதை', 'மின்சாரத்தின் விந்தை', 'வானொலியும் ஒலிபரப்பும்', 'எக்ஸ்-கதிர்கள்'. ரயிலை 'ரயில்' என்றே விட்டிருக்கிறார், ஊரே அப்படித்தானே சொல்கிறது. அணு நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல். எக்ஸ்-கதிர் பாதி அது, பாதி நம்மது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். சொல் எங்கிருந்து வந்தது என்று சண்டை போடுவதைவிட, பிள்ளைக்குப் புரிகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. 'கதை', 'விந்தை' என்று கூப்பிட்டால் எந்த வாண்டுதான் வராது?

இன்றைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் அனல் மின் நிலையப் புகைபோக்கியையும் கன்டெய்னர் லாரிகளையும் தினமும் பார்க்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே முத்து இருக்கிறது. 'முத்து எப்படி வருது?' என்று கேட்டால் என்ன சொல்வோம்? மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்து என்று ஆச்சிமார் சொன்ன கதையைத்தானே? அழகான கதைதான். ஆனால், நிஜம் அதைவிட சுவாரஸ்யம். சின்ன ஒட்டுண்ணியோ வேறு எதுவோ உள்ளே புகுந்துவிட்டால், ஓட்டின் உட்புறத்தில் பூசுகிற அதே பளபளப்பான பூச்சை, சிப்பி அதன்மேலும் அடுக்கடுக்காகச் சுற்றும். அதுதான் முத்து. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால், 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே காட்டினார்கள். குளிப்பு நின்றதும், வளர்ப்பு வந்ததும் தாத்தா, பாட்டிகளுக்கு ஞாபகம் இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் 'முத்தின் கதை' என்று யாராவது எழுதித் தரலாமே? எழுத வக்கீலாகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டியதில்லை. நம்ம ஊர் டீச்சர்களே, காதில் விழுகிறதா?

ஒரு கொசுறு: 'தூத்துக்குடி மாவட்டக்காரர்' என்று அப்புஸ்வாமியை அவர் இருந்தவரை யாரும் அழைத்திருக்க முடியாது. அவர் மறைந்தது 1986 மே மாதம். திருநெல்வேலியில் இருந்து நம்ம மாவட்டம் பிரிந்தது அதே வருஷம் அக்டோபரில்!