‘உத்தம வடிவம்’ என்னும் மாயை

கட்டமைப்புப் பொறியியலில் ‘இடத்தியல் உத்தமமாக்கல்’ எனப்படும் முறையைப் புகழ்வோர், எலும்பையும் மரக்கிளையையும் ஒத்த வடிவங்களைக் காட்டி, இயற்கையின் இரகசியத்தைக் கணனி கண்டுவிட்டதென வியக்கின்றனர். கலைப்பீட மாணவனுக்கு இங்கு என்ன அலுவல் என வினவுவோரும் உளர். கணிதத்தைத் திருத்துவது எமது நோக்கமன்று. கணிதத்தின் பெயரால் மனிதத் தெரிவுகள் மறைக்கப்படுவதையே ஈண்டு கண்டிக்கின்றோம்.

1988இல் பென்ட்சோவும் கிக்குச்சியும் இட்ட அத்திவாரத்தின்மேல், 1989இல் பென்ட்சோ முன்வைத்த அடர்த்தி முறையானது, வெளியைச் சிறு மூலகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஓர் அடர்த்தியை அளிக்கின்றது. 1 எனின் உருக்கு. 0 எனின் வெறுமை. இடைப்பட்டவற்றை ஒழிப்பதற்காக, விறைப்பை அடர்த்தியின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமாக்குவது வழக்கம். அரை அடர்த்திக்கு அரைப்பங்கு பொருள் செலவாகும். கிடைக்கும் விறைப்போ எட்டிலொன்று. நட்டமான இவ்வியாபாரத்தைக் கணனி கைவிடும். மூன்று என்னும் எண்ணுக்கு 1999இல் பௌதிக நியாயம் காட்டப்பட்டது மெய்யே. எனினும் அவ்வெண்ணை இட்டதும் பிரச்சினை பல குன்றுகள் கொண்ட நிலம் போலாகிவிடுகின்றது. கணனி ஏறிய குன்றே யாவற்றிலும் உயர்ந்ததென உறுதிகூற எவராலும் இயலாது. பின் ‘உத்தமம்’ எங்ஙனம்?

இதனினும் சுவையானது சதுரங்கப் பலகைக் கோலம். கட்டின்றி விடப்பட்ட கணனி, நிறைந்த மூலகத்தையும் வெற்று மூலகத்தையும் ஒன்றுவிட்டொன்றாக அடுக்கி, அதனையே விறைப்பு மிக்கதென அறிவித்தது! மூலைகளில் மட்டும் தொட்டுநிற்கும் அக்கோலத்தின் வலிமை, எளிய மூலகங்களின் கணிப்பு வழுவால் எழுந்த போலி. போலியெனக் கண்டோர் மனிதர். அதனை அகற்ற வடிகட்டியை இட்டோரும் மனிதரே. எத்துணை மெல்லிய உறுப்புகள் பிழைக்கும் என்பதை அவ்வடிகட்டியின் ஆரை தீர்மானிக்கின்றது.

டென்மார்க்கின் சிக்மண்ட் 2001இல் இம்முறை முழுவதையும் 99 வரிகளில் எழுதி வெளியிட்டார். அதனை இயக்குபவர் முதலில் ஐந்து எண்களைக் கொடுத்தல் வேண்டும்: வலையின் நீளம், உயரம், பொருளின் பங்கு, அடுக்கு, வடிகட்டியின் ஆரை. சுமையும் தாங்கியும் அவ்வரிகளுக்குள்ளேயே எழுதப்படுவன. மறைக்க அவரிடம் எதுவுமில்லை, மறைப்போர் புகழ்பாடிகளே.

சொல்லப்படாத சுமைக்குக் கணனி ஒரு துளி உருக்கையும் ஒதுக்காது. நிலைக்குத்துச் சுமையை மட்டும் கொடுத்துப் பாலம் கேட்போருக்கு, பக்கக் காற்றைக் கருதாத பாலமே கிடைக்கும். அப்பாலம் சரிந்தால் பதில்கூற வேண்டியவர் யார்? உத்தமம் எனக் காட்டப்படும் ஒவ்வொரு படத்தின் கீழும் கருதிய சுமைகள், கருதாது விட்டவை, பொருளின் பங்கு, அடுக்கு, ஆரை ஆகியவற்றை, தெரிவுசெய்தவரின் பெயருடன் அச்சிடுமாறு பொறியியற்பீட நண்பர்களைக் கேட்கின்றோம்.