ஏழைநிதியும் சமூகப்பணியாளரும்: சபைகளின் வறுமைப் பணி பற்றி எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டுச் சபைகள் ஏழைகளுக்குக் கொடுக்காமல் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்குச் சேலையும் வேட்டியும், ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு, அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கு, கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையின் உதவி, நெல்லைச் சீமையில் ஊரே உட்கார்ந்து உண்ணும் அசனம் என்று கொடை பல வழிகளில் நடக்கிறது. கொடுக்கும் மனதைப் பற்றி எங்களுக்குக் கேள்வி இல்லை. உதவி பெற்றவர்களின் பட்டியலைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அதே குடும்பங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அது ஏன் என்று கேட்பது யாருடைய வேலை என்பதே எங்கள் கேள்வி. ஆயருக்கு ஆராதனையும் அடக்கமும் போக நேரமில்லை. பொருளாளருக்கு வரவு செலவு நேரானால் போதும். ஆகவே பல சபைகள் சேர்ந்த ஒவ்வொரு சேகரத்திலும், பெரிய பங்கிலும், முறையாகப் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் ஒருவர் சபையின் சொந்தக் காணிக்கையிலிருந்து சம்பளம் பெற்று, நிதிக்குழுவில் குரல் உள்ளவராக அமர வேண்டும் என்று கிறிஸ்தவ சமூகப்பணியாளர்களாகிய நாங்கள் கருதுகிறோம்.

இது புதுமை அல்ல. எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டபோது அப்போஸ்தலர்கள் கூடுதல் காணிக்கை கேட்கவில்லை. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன கூட்டத்திலிருந்தே ஆள் எடுத்தார்கள் என்று அதிலிருந்து தோன்றுகிறது. திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1830-இல், தொடங்கிய தரும சங்கம் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்க முனைந்தது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததால் அடிமைப்பட்டிருந்தவர்கள் கையில் கூலி புரண்டது. இரண்டிலும், குடும்பத்தை எது கீழே அழுத்தியதோ அதன் மேலேயே கை வைத்தார்கள். நம் காலத்துக்கு நெருங்கிய சான்று திருவனந்தபுரம் கடற்கரையின் மரியநாடு. லத்தீன் மறைமாவட்டம் 1960-களில் மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்திய ஊர் அது. அங்கே தங்கி வேலை செய்த சமூகப்பணியாளர்கள், மீனவர் எவ்வளவு பிடித்தாலும் கடன் ஏன் தீரவில்லை என்று விசாரித்தார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரியே மீனுக்கும் விலை வைத்தார். மீனவர்கள் தாங்களே ஏலம் விட ஒரு சங்கம் அமைத்து, சேமிப்பையும் கடன் தவணையையும் அன்றன்றைய விற்பனையோடு இணைத்தார்கள். அந்த முறை பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. கன்னியாகுமரிக் கடற்கரையும் அதில் சேர்ந்தது. எத்தனை கிறிஸ்துமஸ் அரிசி மூட்டைகள் கொடுத்தாலும் மீனுக்கு விலை வைக்கும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு வந்திருக்காது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சபைகளின் சமூகப்பணி மெல்ல மெல்லத் தனிப் பதிவுச் சங்கங்களுக்குப் போனது. வெளிநாட்டு நிதி, திட்ட அறிக்கை, மூன்றாண்டுக் கெடு, ஜீப் வண்டி எல்லாம் அங்கே. சபையில் மிஞ்சியது சேலை விநியோகம். சங்கங்கள் நல்ல வேலை செய்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருபவருக்கு அது யாரோ செய்யும் வேலையாகத் தோன்றியது. 2020-இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறங்கியது. பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றுவதும் தடையாயிற்று. இந்தத் திருத்தத்தின் கடுமையை நாங்கள் ஏற்கவில்லை. ஆயினும் அது ஓர் உண்மையை வெளிச்சமிட்டது: உள்ளூர்ச் சபை தன் பணத்தால் தாங்காத பணிக்கு வேர் இல்லை.

சமூகப்பணியாளர் என்னதான் செய்வார்? முதலில் வீட்டுக் கணக்கைக் கேட்பார். ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் வாரக் குழுக்கடனும் தண்டலும் எவ்வளவை எடுத்துக்கொள்கின்றன என்று தெரியாமல் கொடுக்கும் பணம், பல வேளைகளில் நேரே வட்டிக்காரர் கைக்குப் போய்விடுகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. புகார் எழுதித் தரவும் கூடப் போகவும் ஆள் இருந்தால்தான் அது உயிர்பெறும். அடுத்தது உரிமைகள். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆயிற்று, ஆண்டுக்கு 14,400. பெரும்பாலான சபைகளின் ஏழைநிதி ஒரே ஆளுக்கு அவ்வளவு தாங்காது. அதைப் பெற்றுத்தர வேண்டியது ஒரு விண்ணப்பமும் தாலுகா அலுவலகத்துக்குச் சில நடைகளும்தான். அரசே இத்தனை செய்யும் மாநிலத்தில் சபை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கூலி வேலையில் தேய்ந்த விரல் ரேஷன் கடைக் கருவியில் பதியாமல் போகிறது; கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்கு அதை நிரூபிக்கும் தாள் கிடைப்பதில்லை; இ-சேவை மையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட மனு ஏன் திரும்பியது என்று சொல்ல ஆளில்லை. திட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் வறுமை தங்கிவிடுகிறது.

பயிற்சியின் மதிப்பு மிகக் கூர்மையாகத் தெரிவது தலித் கிறிஸ்தவர் விஷயத்தில். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது; 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் அவருடைய ஞானஸ்நானப் பதிவையும் கணக்கில் எடுத்து மறுத்தது. அதாவது, சபையின் பதிவேடே ஒரு குடும்பத்தின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கக்கூடும். உதவி பெற்றவர்களின் படங்களை முகநூலில் போடும் சபைக்கு இது தெரிந்திருக்கிறதா? நாங்கள் பொய்ச் சான்றுக்குத் துணை போக மாட்டோம். ஆனால் எந்தத் தகவலை எழுதுவது, யார் பார்ப்பது, எதைக் கேட்காமலே விடுவது என்ற ஒழுங்கு எங்கள் தொழிலின் அடிப்படை. நல்ல மனம் மட்டுமே உள்ள தொண்டருக்கு அது தானாக வந்துவிடாது.

விசாரணை ஏழையைக் கூசவைக்கும் என்ற மறுப்பை இலேசாகத் தள்ள முடியாது; அதற்கு வரலாறும் சாட்சி. கிளாஸ்கோவில் போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1819 முதல் தம் பங்கை 25 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரரை வைத்து வீடு வீடாக விசாரிக்கச் செய்தார். உதவிச் செலவு குறைந்தது. அதையே வெற்றி என்று கொண்டாடினார்கள். கேட்கக் கூசியோ கடிந்துகொள்ளப்படுவோம் என்று பயந்தோ விலகிப்போனவர்கள் செலவுக் கணக்கில் தெரிய மாட்டார்கள். குடிப்பாரா, ஜெபத்துக்கு வருகிறாரா என்பவை எங்கள் கேள்விகள் ஆகா. குடும்பத்துக்கு எது தடை என்பதைக் குடும்பமே சொல்ல வேண்டும். கோப்பில் உள்ளதை அவர்கள் படித்துப் பார்க்கவும் உரிமை வேண்டும். உதவிக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில். ஆராதனைக்கு வருவதை நிபந்தனையாக்கும் எந்த உதவிக்கும் எங்கள் உறுப்பினர்கள் கையொப்பமிட மாட்டார்கள். சேகர எல்லைக்குள் இருக்கும் எந்த மதத்தாருக்கும் அதே மேசை, அதே விண்ணப்பம். தரித்திரர் எப்போதும் இருப்பார்கள் என்று இயேசுவே சொன்னாரே என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அவர் எதிரொலித்தது உபாகமம் 15-ஆம் அதிகாரத்தை. அங்கே அந்த வாக்கியம் கையைத் திறந்து கொடுப்பதற்கான காரணமாக வருகிறது. அதே அதிகாரம் ஏழாம் வருடத்தில் கடனை விட்டுவிடச் சொல்லித்தான் தொடங்குகிறது.

சபைக்குக் கசக்கக்கூடிய பகுதி இனிமேல்தான். சமூகப்பணியாளர் வீட்டுக் கணக்கு கேட்கத் தொடங்கினால், சில வீடுகளில் சம்பளம் கொடுப்பது சபையே என்று தெரியவரும். கோயில்பிள்ளையின் ஊதியம், சபைப் பள்ளியில் கூட்டிப் பெருக்குபவரின் கூலி, மானியமில்லாப் பிரிவு ஆசிரியையின் மாதப் பணம் ஆகியவை குறைந்தபட்சக் கூலிக்கு எட்டுகின்றனவா என்று ஏழைநிதியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். சாதியும் அப்படியே. 2008-இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே பங்கின் கத்தோலிக்கர்களுக்குள் சாதியின் பேரில் நடந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சாதி வேறுபாடு பாவம் என்று மேடையில் சொல்வதோடு நில்லாமல், உதவியைப் பங்கிடும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எருசலேமில் செய்ததுபோல், விடுபட்டவர்களிலிருந்தே பாதிப் பேராவது இருக்கட்டும்.

செலவு தாங்காது என்பார்கள். ஒரு கிராமச் சபையால் தாங்க முடியாதுதான். ஐந்தாறு சபைகள் சேர்ந்த சேகரத்தால் முடியும். கோபுரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் நிதி திரட்டும் நகரச் சபைகள் பக்கத்துக் கிராமச் சேகரத்தின் பாதிச் செலவை ஏற்கலாம். ஒரு நிபந்தனையில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உதவிப் பட்டியலையும் சபை ஊழியர்களின் ஊதியக் கணக்கையும் சமூகப்பணியாளர் பார்க்க அனுமதிக்காத சேகரத்தில், விழாவுக்குப் பொட்டலம் கட்டுவதற்காக மட்டும் எங்கள் உறுப்பினர் எவரும் பணியில் சேர மாட்டார்.