கட்டை எங்கே, முதலாளிமாரே?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் மராமத்துக் கொட்டகைகளில் வேலை மும்முரம். பெரிய படகுகள் கிரேனிலோ சிலிப்வேயிலோ கரையேறும். சிறிய படகுகளை டிரெய்லரில் ஏற்றி டிராக்டர் இழுத்து வரும். அடிப்பலகை மாற்ற வேண்டுமானால் படகை டிரெய்லரிலிருந்து இறக்கி நிறுத்தியாக வேண்டும். கூலியாளின் உயிர் ஊசலாடுவது இந்த வேலையில்தான்.

படகு சாய்ந்து ஆள் நசுங்கினால் கொட்டகை முதலாளி சொல்வது ஒரே வார்த்தை: "கவனக்குறைவு!" யாருடைய கவனக்குறைவு என்று நாம் கேட்கிறோம்.

வண்டியோட்டும் விவசாயத் தோழருக்குத் தெரியும். பாரம் பின்னால் இருக்கும்போது மாட்டை அவிழ்த்தால் என்ன ஆகும்? நுகத்தடி வானத்துக்குப் போகும். பாரம் தரைக்குச் சரியும். டிரெய்லரும் அந்த வண்டிதான். டிராக்டரைக் கழற்றிவிட்டுப் படகைப் பின்னே நகர்த்தினால் முன்புறம் எகிறி அடிக்கும். "டிராக்டருக்கு வேறு வாடகை இருக்கிறது, சீக்கிரம் கழற்று" என்று விரட்டுவது யார்? கூலியாளா?

மில் தோழருக்கும் தெரியும். ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் கசிந்தால் அது இறங்கும். மணலில் நின்றால் சாயும். அதை மட்டும் நம்பி ஆளைப் படகுக்கு அடியில் அனுப்புவது வேலை வாங்குவதல்ல, கொலைக்கு நாள் குறிப்பது!

சரியாக இறக்கும் முறை ரகசியமல்ல. முதலில் படகைக் காலி செய்ய வேண்டும். அடியில் தேங்கிய 500 லிட்டர் தண்ணீர் அரை டன் பாரம். சாய்ந்த பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். தரை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். மணலானால் அகலப் பலகை போட வேண்டும். டிராக்டர் கோத்தபடியே நிற்க, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அணை கொடுக்க வேண்டும். பிறகு ஏரா என்னும் அடிமரத்தை ஜாக்கியால் ஓர் அங்குலம் தூக்கி, உடனே ஓர் அங்குலம் கட்டை அடுக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக மரக்கட்டை. செங்கல் கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும்.

பாரம் முழுவதும் ஏரா மேல் நிற்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. அவை விலகாதபடி இரண்டிரண்டாகச் சங்கிலியால் பிணைக்க வேண்டும். அதன்பின் சக்கரத்து அணையை எடுத்து, டிரெய்லரை ஓரோர் அடியாக முன்னே இழுக்கலாம். அதன் குறுக்குச் சட்டம் ஓர் அடுக்கை நெருங்கினால் நிறுத்தி, சட்டம் கடந்துவிட்ட பின்பக்கத்தில் புதிய அடுக்குப் போட்ட பிறகே பழையதை எடுக்க வேண்டும். சைகை காட்டுவது ஒருவரே. வண்டி அசையும்போது படகுக்கு அடியில் ஒருவரும் கூடாது.

இதற்கு வேண்டியது மரமும் நேரமும். முதலாளி மிச்சம் பிடிப்பதும் இவை இரண்டையும்தான்!

சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு ஆகியவற்றை 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29வது பிரிவு விதித்தது. ஆனால் மின்விசை இருந்தால் 10 பேர், இல்லையேல் 20 பேர் வேலை செய்யும் இடமே தொழிற்சாலை என்றது அச்சட்டம். ஆறு பேர் படகு இறக்கும் கொட்டகை கணக்கில் வரவில்லை. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமோ இந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியது! ஆறு பேர் மேல் விழும் படகுக்குப் பாரம் குறைவா?

கடன் வாங்கிப் படகு வைத்திருக்கும் சிறு மீனவர் மீது நமக்குப் பகையில்லை. தன் படகுக்கு அடியில் அவரே படுத்து வேலை செய்கிறார். அவர் உயிரும் இதில்தான் இருக்கிறது. அவரைக் கட்டை வாங்கு என்று விரட்டிப் பயனில்லை. ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம்: ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் பொதுக் கட்டைக் கிடங்கு, சோதித்த ஜாக்கி, சங்கிலி, கெட்டித் தளம் ஆகியவற்றை மீன்வளத் துறை அமைக்க வேண்டும். கொட்டகை முதலாளியைக் கேட்கிறோம்: இறக்கும் வேலைக்கு முழு நாள் கூலி கொடு, அவசரப்படுத்தாதே!

கொட்டகைத் தோழர்களே! ஒருவர் மறுத்தால் வேலை போகும்; எல்லோரும் மறுத்தால் கட்டை வரும். முதலில் கட்டை ஏறட்டும். பிறகே ஆள் இறங்கட்டும்!