பூக்கிறது ஒரே ஒரு ராத்திரி: மொட்டை மாடி டிராகன் ஃப்ரூட் கணக்கு

"மொட்டை மாடியில டிராகன் ஃப்ரூட், மாசாமாசம் வருமானம்"னு தம்ப்நெயில் போட்ட வீடியோ உங்க ஃபீடுலயும் வந்திருக்கும். ஒரு செடிக்கு இத்தனை பழம், ஒரு பழத்துக்கு இத்தனை ரூபாய், 10 செடி வெச்சா இவ்வளவுன்னு ஒரு பெருக்கல் கணக்கு. மாசம் 25,000 சம்பளத்துல வாடகையும் ஈ.எம்.ஐ.யும் கட்டுறவங்களுக்கு அது எவ்வளவு ஆசையா இருக்கும்னு புரியுது.

நம்ம சேனல்ல வழக்கமா ஃபண்ட், இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு செடி. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். டிராகன் ஃப்ரூட் வீட்டுல வளர்க்க அருமையான செடி, ஆனா சம்பளக்காரங்களுக்கு அது சைடு இன்கம் இல்லை. அந்தப் பெருக்கல் கணக்குல பூவை யாருமே சேர்க்கிறதில்லை.

இது கள்ளி வகை. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பூ சாயங்காலம் இருட்டுற நேரத்துல விரிய ஆரம்பிக்கும், நடுராத்திரிக்குள்ள முழுசா மலர்ந்திடும், மறுநாள் வெயில் ஏறினா வாடிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு ராத்திரி, அவ்வளவுதான். அந்த ஊர்ல வவ்வாலும் அந்துப்பூச்சியும் வந்து மகரந்தச் சேர்க்கையை முடிச்சிடும். இங்க விடியற்காலையில பூ மூடுறதுக்குள்ள தேனீ வந்தா உண்டு. நாலாவது மாடி அபார்ட்மென்ட்ல தேனீயை நம்பி உட்கார முடியாது. அந்த வேலையை நீங்கதான் செய்யணும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. உள்ளே வெள்ளையா இருக்கிற ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும். உள்ளே சிவப்பா இருக்கிற ரகங்கள் பலதுக்கு தன் மகரந்தம் ஒத்துக்காது, வேற ரகத்தோடது வேணும். சரி, நாலு செடி வாங்கிட்டா ஒண்ணுக்கொண்ணு உதவும்னு நினைப்பீங்க. நாலும் ஒரே தாய்ச்செடியோட கட்டிங்னா, அது நாலு செடியே இல்லை. ஒரே செடி நாலு தொட்டியில நிக்குது, அவ்வளவுதான். பேர் மட்டும் வேற வேறயா இருக்கிற நாலு லார்ஜ்கேப் ஃபண்ட் வாங்கிட்டு டைவர்சிஃபை பண்ணிட்டேன்னு சொல்ற மாதிரி. உள்ளே அதே பங்குகள்தான் இருக்கும். பூ பூவா பூத்து ஒரு பிஞ்சுகூட நிக்கலைன்னு உரத்தை மாத்திப் பார்க்கிறவங்க, முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

வேலை என்னவோ சுலபம்தான். பூவுக்குள்ள நூத்துக்கணக்குல மெல்லிசா நிக்கிறது மகரந்தத் தாள். நடுவுல தடிமனா நீட்டிக்கிட்டு, நுனியில நட்சத்திரம் மாதிரி பிரிஞ்சிருக்கிறது சூல்முடி. ராத்திரி 9, 10 மணிக்கு மேல ஒரு பேப்பர் கப்பைக் கீழே பிடிச்சு தாள்களைத் தட்டினா மஞ்சப் பொடி கொட்டும். பெயின்ட் பிரஷ்ல தொட்டு வேற ரகப் பூவோட சூல்முடியில நல்லா தடவணும். கஞ்சத்தனம் வேண்டாம். மகரந்தம் நிறைய சேர்ந்தா விதை நிறைய, விதை நிறைய இருந்தா பழம் பெருசு. அதனால வெள்ளை ரகத்துக்கும் வேற ரக மகரந்தம் வெச்சா பழம் பெருசா வர வாய்ப்பு அதிகம். ரெண்டு ரகமும் ஒரே ராத்திரியில பூக்கலைன்னா, முதல்ல பூத்ததோட பொடியை ஈரமில்லாம சின்ன டப்பாவுல மூடி ஃப்ரீசர்ல வைக்கலாம். வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லி வைங்க, மசாலான்னு நினைச்சு குழம்புல போட்டுடப் போறாங்க. மழை வர்ற மாதிரி இருந்தா பூவுக்கு ஒரு கவரை மாட்டி விடணும், நனைஞ்ச மகரந்தம் உதவாது.

நாலஞ்சு நாள்ல ரிசல்ட் தெரிஞ்சிடும். பூ காய்ஞ்சும் அடிப்பகுதி பச்சையா நின்னா பிஞ்சு. அதுவும் மஞ்சளானா உதிர்ந்திடும்.

இப்ப கணக்குக்கு வருவோம். நான் போடுற எண்கள் வெறும் உதாரணம், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. தொட்டி, தாங்குற கம்பம், மேல வளையம், மண் கலவை, கட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு தொட்டிக்கு 1,500 ரூபாய்னா, நாலு தொட்டிக்கு 6,000. முதல் ஒன்றரை வருஷம் பழம் பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. அதுக்கப்புறம் தாராளமா தொட்டிக்கு 3 கிலோ, வருஷத்துக்கு 12 கிலோ. கிலோ 200 ரூபாய்னா 2,400. உரத்துக்கு 600 போனா மீதி 1,800.

"6,000 போட்டு 1,800, அப்போ 30 சதவீதம் ரிட்டர்னா?"ன்னு கேட்காதீங்க. அது மாசத்துக்கு 150 ரூபாய். பழம் ஒண்ணு 300 கிராம்னா 12 கிலோவுக்கு 40 பழம், அதாவது 40 பூ. ராத்திரிக்கு ரெண்டு மூணு பூன்னா 15, 20 ராத்திரி பிரஷ்ஷோட மாடி ஏறணும். நைட் ஷிஃப்ட்டை வீட்டுல இருந்தே பார்க்கிறவங்களுக்கு இது டீ பிரேக் மாதிரி. மத்தவங்களுக்கு அப்படி இல்லை. சீசன் ஜூன்ல இருந்து அக்டோபர், நவம்பர் வரைக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போற பஸ்ல நீங்க இருக்கும்போதே பூ விரியும், லீவ் லெட்டர் எல்லாம் கேட்காது. 40 தொட்டியா பெருக்கினா வருமானத்தோட ராத்திரி வேலையும் பெருகும்.

இன்னொண்ணு. அந்த 2,400 ரூபாய் உங்களுக்கு மிச்சம்னு சொல்லணும்னா, வருஷத்துக்கு 12 கிலோ டிராகன் ஃப்ரூட் காசு கொடுத்து வாங்குற ஆளா இருக்கணும் நீங்க. இல்லைன்னா விக்கணும். இந்த வாரம் மூணு பழம், அடுத்த மாசம் எட்டுன்னு வர்றதை எந்தக் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார்?

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்க அக்ரிமென்ட் 11 மாசம், செடி காய்க்க ஆரம்பிக்கிறது அதுக்கும் அப்புறம். மண்ணும் கம்பமும் சேர்ந்த தொட்டியைத் தூக்கிக்கிட்டு வீடு மாறுறது லேசுல ஆகாது. கட்டிங் வெட்டி எடுத்துட்டுப் போகலாம், ஆனா காத்திருப்பு மறுபடி முதல்ல இருந்து.

அதனால கிரெடிட் கார்டுல ஈ.எம்.ஐ. போட்டு ரெடிமேட் செட் வாங்குறதும், எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்கிறதும் வேண்டவே வேண்டாம். ஆசையா இருந்தா ரெண்டே தொட்டி போதும். ஒண்ணுல வெள்ளை, இன்னொண்ணுல சிவப்பு. செலவை சினிமா, ஹோட்டல் எழுதுற அதே பட்ஜெட் வரிசையில எழுதுங்க. நர்சரியில "இது தானா காய்க்குமா, வேற மகரந்தம் வேணுமா?"ன்னு கேளுங்க. ரகத்தோட பேரே தெரியாம விக்கிறவங்ககிட்ட சிவப்பு வாங்காதீங்க.

பிஞ்சு நின்னதுல இருந்து சுமார் ஒரு மாசத்துல பழம் தயார். பறிச்சு வெச்சு பழுக்க வைக்கலாம்னு நினைக்காதீங்க, செடியை விட்டு வந்தா இது மேல பழுக்காது. தோல் முழுசா நிறம் மாறி, இன்னும் மூணு நாலு நாள் விட்டுப் பறிங்க. அணில் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு வலைப் பையைக் கட்டிடுங்க.