வேகத்திற்கு முன் வெப்பமானி

நம் துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல்களின் இயந்திரங்களில், மசகெண்ணெயைக் கடல்நீரின் துணைகொண்டு குளிர்விக்கும் ஏற்பாடு இன்றியமையாதது. டர்போ பூட்டிய மோட்டார் வண்டிகளின் வலுவைப் பெருக்க முற்படும் நம்மூர் இளைஞரோ இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

நிமிடத்திற்கு இலட்சம் முறைக்கு மேலும் சுழலவல்ல டர்போவின் அச்சைத் தாங்குவது எண்ணெயே. அதன் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதும் எண்ணெயே. காற்றழுத்தத்தைக் கூட்டினால் எண்ணெயின் வெப்பமும் ஏறும். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் அதற்கு உகந்தது. 130 பாகைக்கு மேல் நீடிப்பின் எண்ணெய் நீர்த்து விரைவிற் கெடும், தாங்கிகள் தேயும். ஆனி, ஆடியிற் கச்சான் வீசுங்கால் காற்றினாற் குளிரும் கருவியின் பயனும் குறையும்.

ஆயின், பெரிய குளிரூட்டியே போதுமா? போதாது. எண்ணெய் மிகக் குளிர்ந்தாலும் ஈரமும் எரிபொருளும் அதனுள் தங்கிவிடும். ஆதலின் முதலில் வெப்பமானி. அடுத்து, எண்ணெய் சூடேறிய பின்னரே வழிதிறக்கும் குளிரூட்டி. அழுத்தத்தைக் கூட்டுவது இறுதியிலேயே. கடுகி ஓடிய வண்டியை உடனே நிறுத்தாது ஓரிரு நிமிடம் மெல்ல இயங்கவிடுதலும் வேண்டும். இன்றேல் டர்போவினுள் எண்ணெய் கரியாய்ப் படியும்.

ஹபரணை வீதியின் காட்டு நடுவே இயந்திரம் இறுகி நின்றால், அல்லலுறுவோர் வண்டியிலுள்ளோர் அனைவருமன்றோ? அளந்தறிந்த பின் மாற்றுவதே பொறியியல். அளவாமல் மாற்றுவது சூதாட்டம்.