தூண்டிலாளர் நாட்குறிப்பு

பழைய பொருள்கள் மறைவது உலகியல்பு. ஆயினும் ஒரு பொருளோடு ஒரு நற்பழக்கமும் சேர்ந்து மறையுமாயின், அதற்காக வருந்துதல் தகும். இங்கிலாந்து நாட்டுத் தூண்டிலாளர் முற்காலத்தில் தம் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு நாட்குறிப்பு அத்தகைய பொருளாகும்.

ஆற்றிலும் குளத்திலும் தூண்டிலிடுதல் அந்நாட்டு மக்களின் பழம்பெரும் பொழுதுபோக்கு. ஐசக் வால்டன் என்பார் அதனைப் பற்றி எழுதிய நூல் 1653-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 1812-இல் இலண்டன் மாநகரில் ஜான் லெட்ஸ் என்னும் வணிகர் அச்சிட்ட நாட்குறிப்புகளை விற்கத் தொடங்கினார். பின்னர்த் தூண்டிலாளர்க்கெனவும் தனி நாட்குறிப்புகள் தோன்றின. அவை உள்ளங்கையில் அடங்கும் அளவின. மீன்பிடி நாள்கள், பெருமீன்களின் எடை முதலிய செய்திகளையும் தாங்கி வந்தன.

மீன்பிடி நாள்களை அறிதல் அவர்க்கு இன்றியமையாததாக இருந்தது. மீனினம் முட்டையிட்டுப் பெருகும் பொருட்டு, ஆண்டில் சில திங்கள் தூண்டிலிடுவதை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மார்ச்சு 15 முதல் ஜூன் 15 வரை கரைகள் அமைதியுற்றிருக்கும். ஜூன் 16 பிறக்கும் நாளைத் தூண்டிலாளர் திருவிழாவைப் போல எதிர்நோக்குவர். 1995-இல் குளங்கள் பெரும்பாலனவற்றிற்கு இத்தடை நீங்கியது. ஆறுகளில் இன்றும் உள்ளது.

எனினும், அச்சிட்ட பக்கங்களினும் வெற்றுப் பக்கங்களே சிறப்புடையன. நீரின் நிறம், காற்றின் திசை, இட்ட இரை, பிடித்த மீனின் எடை ஆகியவற்றைத் தூண்டிலாளர் அங்கேயே பென்சிலால் எழுதினர். மையெழுத்து நனைந்தால் கலையும். பென்சில் எழுத்தோ எளிதில் அழியாது. ஒன்றும் அகப்படாத நாளையும் 'மீன் இல்லை' என்று மறையாது குறித்தனர். அந்நேர்மையே அந்நூலின் உயிர்.

மனித நினைவு முகத்துதி செய்யும் இயல்புடையது. தப்பிய மீன் சொல்லுந்தோறும் வளரும். தோல்வியுற்ற நாளோ மறந்துபோகும். எழுதிய எடை மட்டும் வளர்வதில்லை. 1952-இல் ரெட்மையர்க் குளத்தில் ரிச்சர்டு வாக்கர் பிடித்த கெண்டையின மீன் 44 இராத்தல் எடையுடையது. நிறுத்துக் குறித்த அவ்வெடையை, 1980-இல் அதே குளத்தில் வேறொருவர் பிடித்த பெருமீனே விஞ்சியது. வாய்ச்சொல் மட்டும் இருந்திருப்பின், எது பெரிது என்னும் வழக்கு முடிந்திராது.

இக்காலத்தில் கைப்பேசி அவ்வேட்டின் இடத்தைப் பெற்றுள்ளது. அது படம் எடுக்கும், இடம் காட்டும், வானிலையும் உரைக்கும். இவை பயனுடையன என்பதில் ஐயமில்லை. ஆனால், மீன் கிடைத்தபோதே படம் எடுக்கப்படுகிறது. கிடைக்காத நாளுக்குப் படம் இல்லை. வெற்றிகளை மட்டும் சேர்த்து வைப்பவன் தன் பிழையைக் காணான். மேலும், கருவி தானே குறித்துக்கொள்ளும்போது, காற்றையும் நீரையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் தளர்கிறது. எழுத வேண்டும் என்னும் கடமையே கண்ணைப் பயிற்றுகிறது.

ஆகவே, கருவியை வெறுத்தல் வேண்டா. ஏட்டைக் கைவிடுதலும் வேண்டா. உழவரும் மாணவரும் வணிகரும் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. நாள்தோறும் இரண்டு வரி எழுதுக. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் மறைக்காது எழுதுக. அவ்வாறு எழுதுபவர்க்கு ஓராண்டின் முடிவில் அச்சிறு ஏடு நல்லாசானாக விளங்கும்.