சத்தம் கூடியது, பவர் கூடியதா?

"கம்பெனி சைலன்சர் வண்டியோட கழுத்தப் புடிச்சு வச்சிருக்குண்ணே. இத மாட்டுங்க, மூச்சு விடும்." சென்னை ஜி.பி. ரோட்டில் புல்லட்டை ஓரங்கட்டி நிறுத்தினால் இப்படி ஒரு குரல் காதில் விழாமல் போகாது. சொல்பவர் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. வாங்குபவரும் ஏமாறுவதாக நினைக்கவில்லை. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஒரு சிவப்பு ஏர் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் ஒரு ட்யூனிங் பெட்டி. மூன்றையும் சேர்த்து 'ஸ்டேஜ் 1' என்கிறார்கள். பவர் கூடும், பிக்கப் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை அவர்களே அழுத்திச் சொல்வதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் பார்ப்போம். எடுத்துக்கொள்வது நம் சாலைகளில் அதிகம் சைலன்சர் மாற்றப்படும் வண்டியான ராயல் என்ஃபீல்டு 350.

முதல் வாதம், புகைச் சட்டத்துக்காகக் கம்பெனியே இன்ஜினை அடைத்து வைத்திருக்கிறது என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, எவ்வளவு என்று கணக்கும் போடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. அதற்கு முன் கார்புரேட்டரோடு விற்ற கிளாசிக் 350 காட்டிய திறன் 5250 ஆர்பிஎம்மில் 19.8 குதிரைத்திறன். அதே இன்ஜின் இன்ஜெக்‌ஷனும் புதிய விதிக்கான மாற்றங்களும் பெற்று வந்தபோது 19.1. டார்க் அசையவில்லை, இரண்டிலும் 28 நியூட்டன் மீட்டர்தான். ஆக, சட்டம் எடுத்துக்கொண்டது முக்கால் குதிரைத்திறனுக்கும் குறைவு. அதுவும் சைலன்சர் மட்டும் எடுத்துக்கொண்டதல்ல, அத்தனை மாற்றமும் சேர்ந்து. அடுத்து 2020 இறுதியில் மீட்டியாரிலும் 2021-இல் கிளாசிக்கிலும் வந்த புது 349 சிசி இன்ஜின், அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டே 6100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறன் தருகிறது.

பக்கத்தில் ஒரு கேடிஎம் 390 டியூக்கை நிறுத்திப் பாருங்கள். அதே பிஎஸ்-6, அதே மாதிரி புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி, சத்தம் அடங்கிய சைலன்சர். அதன் முந்தைய 373 சிசி இன்ஜினில் 9000 ஆர்பிஎம்மில் சுமார் 43 குதிரைத்திறன். இரண்டு மடங்குக்கு மேல். இந்த வித்தியாசம் வெளியேறும் குழாயில் இல்லை. நான்கு வால்வு, உயர்ந்த கம்ப்ரஷன், தண்ணீரால் குளிரும் இன்ஜின், 9000 வரை சுழலும் குறுகிய ஸ்ட்ரோக் ஆகியவற்றில் இருக்கிறது. நம் 350-இலோ இரண்டே வால்வு, 9.5க்கு 1 கம்ப்ரஷன், காற்றில் குளிரும் சிலிண்டர், 85.8 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக். 6100 ஆர்பிஎம்மில் அந்தப் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. குறைந்த சுற்றில் நிதானமாக இழுக்க வேண்டும் என்று தீர்மானித்து வடிவமைத்த இன்ஜின் இது. சைலன்சருக்குள் இருபது குதிரைகள் கட்டிக்கிடக்கின்றன என்று நம்ப இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. நகரத்தில் நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி ஆக்சிலேட்டர் கால்வாசிகூடத் திறந்திருக்காது. அப்போது இன்ஜினுக்குக் காற்றைத் தடுப்பது யார்? உள்ளே வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு. அதாவது நம்முடைய வலது கை. தெருக்குழாயின் திருகைப் பாதி மூடி வைத்துக்கொண்டு குடத்தின் வாய் சிறிது என்று குறைபடுவது போன்றது, அண்ணாசாலை நெரிசலில் நாற்பதில் போகும்போது சைலன்சரைக் குற்றம் சொல்வது. கூடுதல் காற்று தேவை என்றால் கையை இன்னும் கொஞ்சம் திருகினால் போதும், செலவில்லை. வெளியேறும் வழியின் தடை கணக்கில் வருவது ஆக்சிலேட்டர் முழுதும் திறந்து, சுற்று உச்சத்தை நெருங்கும்போதுதான். 350 வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் ஐந்தாவது கியரில் அந்த இடத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறார்கள்?

சரி, போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். சைலன்சரால் 5 விழுக்காடு பவர் கூடிவிட்டது என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். உச்ச வேகத்தில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. எனவே 5 விழுக்காடு கூடுதல் பவர், 120-இல் ஓடும் வண்டியை 122-க்குக் கொண்டுபோகும். ஸ்பீடோமீட்டர் முள்ளின் நடுக்கத்தைவிட இது சிறியது.

"ஆனா வண்டி நல்லா இழுக்குதே, ஓட்டிப் பாத்தா தெரியுதே" என்பார்கள். தெரியும்தான். காதுக்குத் தெரியும். சத்தம் தடித்தால் வேகம் கூடியதாக மனம் எடுத்துக்கொள்கிறது. சைலன்சர் கடைகள் இத்தனை காலம் இந்தப் பழக்கத்தில்தான் பிழைக்கின்றன. உண்மை வேண்டுமானால் ஒரே சாலையில், ஒரே ஆள், ஒரே கியரில், 40-இலிருந்து 80 வரை ஏற எத்தனை நொடி என்று போகவும் வரவும் அளந்து பார்க்க வேண்டும். அப்படி அளந்தால் இன்னொரு சங்கடமும் வெளிப்படலாம். அகலமான குழாயில் புகையின் ஓட்டம் மந்தமாகிறது. ஓடும் புகை தன் பின்னால் சிலிண்டரை உறிஞ்சும் வேலை குறைந்த சுற்றில் பலவீனமாகிவிடும். அதாவது புல்லட்டை புல்லட்டாக்கும் அந்தக் கீழ்ச்சுற்று இழுவையே போகக்கூடும்.

இங்கே நம் பக்கத்துக்காரர்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். சைலன்சர் மாற்றாதே என்று புத்தி சொல்லும் பலர், "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்" என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது தவறு. பின்னழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நல்லது செய்வதில்லை. வேண்டியது குழாயின் சரியான விட்டமும் நீளமும். வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாய் முனையில் மோதித் திரும்பி, இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டரை வந்து அடைந்து மிச்சப் புகையை உறிஞ்ச வேண்டும். அந்தக் கணக்கில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் பெண்டு பைப்பில் முடிந்துவிடுகிறது. நாம் மாற்றுவதோ கடைசியில் தொங்கும் சைலன்சரை.

பிறகு ஏன் சைலன்சரை மாற்றினால் பவர் கூடும் என்ற நம்பிக்கை இவ்வளவு உறுதியாக ஊறிப்போனது? என் கணிப்பில், ஆர்எக்ஸ் 100-தான் காரணம். 98 சிசி, 11 குதிரைத்திறன், 1985 முதல் 1996 வரை வந்த அந்த யமஹாவை ஒரு தலைமுறையே தலையில் வைத்துக் கொண்டாடியது. அதில் சைலன்சரை மாற்றினால் வண்டியின் குணமே மாறியது. அதை அனுபவித்தவர்கள் சொல்வது மெய். ஏனென்றால் அது டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாயை மூட வால்வு கிடையாது. புது கலவை உள்ளே வரும்போதே ஒரு பகுதி வெளியே ஓடிவிடும். வயிறு புடைத்து முனை ஒடுங்கிய அந்தக் குழாயின் ஒடுங்கிய பகுதியில் அலை மோதித் திரும்பி, ஓடிப்போகும் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளி அடைக்கும். அங்கே சைலன்சர் வெறும் புகைபோக்கி அல்ல, இன்ஜினின் ஓர் உறுப்பு.

இந்த வித்தையை 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் செதுக்கினார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய வண்டி 25 குதிரைத்திறனை எட்டியது, லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி ஓடி ரகசியத்தை சுசுகியிடம் சேர்த்தார். மறு ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாய்க்காக நாட்டைவிட்டு ஓடும் அளவுக்கு அதில் சரக்கு இருந்தது. அந்த அனுபவத்தை அப்படியே ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட்டுக்கு எடுத்து வந்ததில்தான் பிசகு.

அடுத்து எரிபொருள் ட்யூனிங். "பெட்ரோல் கூட்டிக் குடுத்தா பவர் கூடும்" என்பது இதன் மையம். பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகபட்ச பவர் கிடைப்பது கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாக, 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில். கம்பெனியே முழு ஆக்சிலேட்டரில் கலவையை அந்தத் திசையில் தள்ளித்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் எரிய காற்று இல்லை. பிளக் கறுக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை பெட்ரோல் கழுவிவிடும். கார்புரேட்டர் காலத்தில் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிவிட்டு "வண்டி பறக்குது" என்றவர்கள் பலர்; ஆறு மாதம் கழித்து சைலன்சர் முனையைத் துடைத்துப் பார்த்தவர்கள் கொஞ்சம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கதை வேறு. பெண்டு பைப்பில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. நிதானமாக ஓடும்போது அது சொல்லச் சொல்ல இன்ஜினின் கணினியான இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் மாட்டும் பெட்டி அந்த நிலையில் கூட்டிக் கொடுத்தாலும் இசியூ அதைத் திரும்ப எடுத்துவிடும். அதைத் தடுக்க சென்சாரையே ஏமாற்றும் ஒரு சின்னப் பிளக்கையும் விற்கிறார்கள். அப்போது வண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். நாட்டில் இப்போது இ20 பெட்ரோல் வேறு பரவிவிட்டது. எத்தனால் கலந்ததால் அதற்கு வேண்டிய விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. சென்சார் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். சென்சாரைக் கழற்றிவிட்டு எப்போதோ பழைய பெட்ரோலுக்குப் போட்ட மேப்பில், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையில், ஓட்டினால், கலவை ஒல்லியாகி சிலிண்டர் தலை சூடாகும்.

முழு ஆக்சிலேட்டரில் இசியூ சென்சாரைப் பெரிதாக நம்பாது, தன் நினைவில் இருக்கும் மேப்பைத்தான் பார்க்கும். அங்கே நல்ல ட்யூனர் ஒருவர் பவரை அளக்கும் டைனோ கருவியில் வைத்துச் சரிபார்த்தால் கொஞ்சம் பயன் உண்டு, மறுக்கவில்லை. வால்வு, கேம், கம்ப்ரஷன் எல்லாம் மாற்றி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ கொண்டுபோகும் வண்டிக்குச் சைலன்சரும் மேப்பும் மாற்றித்தான் ஆக வேண்டும். அங்கே முழு ஆக்சிலேட்டர்தான் வழக்கம். கம்பெனி சைலன்சரைவிட எடை குறைவு என்பதும் அவர்களுக்கு உண்மையான லாபம். ஆபீசுக்குப் போகும் வண்டிக்கு அந்த நியாயம் ஒட்டாது.

டைனோ காகிதத்தைக் காட்டுகிறார்களே என்று கேட்கலாம். காலையில் 28 டிகிரியில் ஒரு ஓட்டம், மத்தியானம் 38 டிகிரியில் ஒரு ஓட்டம் என்றால் காற்றின் அடர்த்தியே 3 விழுக்காடு குறைந்துவிடும். மாற்றத்துக்கு முந்தைய ஓட்டம் வெயிலிலும் பிந்தையது குளிரிலும் நடந்திருந்தால், விற்பவர் சொல்லும் லாபத்தில் பாதியை வானிலையே கொடுத்திருக்கும்.

வினையூக்கியைப் பிடுங்குவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. அது போனால் அடுத்த சிக்னலில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்குழந்தை அந்த நச்சுப் புகையைச் சுவாசிக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கிறதே, அதைப் பவரின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். சிலிண்டரில் எரியாமல் வந்த பெட்ரோல் குழாயில் வீணாக எரியும் சத்தம் அது.

சட்டமும் விளையாட்டல்ல. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு வைத்த சத்த வரம்பு 80 டெசிபல். அதை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. கூடவே மூன்று மாதம் லைசென்சும் போகும். பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றும் காட்சியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இழுவைதான் வேண்டும் என்பவருக்கு மலிவான வழி இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் இருக்கும் இடத்தில் 19 பல் போட்டால், சக்கரத்தில் கிடைக்கும் விசை எல்லா கியரிலும் 5 விழுக்காடு கூடும். நெடுஞ்சாலையில் இன்ஜின் அதே அளவு அதிகமாகச் சுழலும், அதுதான் விலை. அதற்கும் முன்பு வால்வு இடைவெளி, அடைத்த ஏர் ஃபில்டர், நழுவும் கிளட்ச், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வேன். "பிக்கப் இல்லை" என்று வரும் வண்டிகளில் பல இங்கேயே குணமாகிவிடும்.

அப்படியும் மாற்றித்தான் தீருவேன் என்றால் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள். ஒரே நாளில், ஒரே மணிநேரத்துக்குள், முன்னும் பின்னும் எடுத்த டைனோ ஓட்டம். உச்சப் புள்ளி மட்டுமல்ல, 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு வளைவு. காற்று-பெட்ரோல் விகிதம் எவ்வளவு இருந்தது என்ற கோடும் அதே தாளில். கழற்றிய கம்பெனி சைலன்சரைத் துணியில் சுற்றிக் கேட்டு வாங்கி வந்து பரணில் போட்டு வையுங்கள்; வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.